தொண்ணூற்றாறு வீட்டுக் காமாலை

வரிசை நகர்ந்தபாடில்லை. ஒன்பதே முக்காலுக்கு வந்தபோது இசக்கி எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாளோ, பத்து இருபதுக்கும் அதே தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். தூணில் யாரோ சுண்ணாம்பு விரலைத் துடைத்த தடம்கூட மனப்பாடமாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் காமாலைக்கென்றே தனியாகத் திறந்த கவுன்ட்டராம், சீக்கிரம் முடியுமாம். திறந்த புண்ணியவான் ஒருநாள் இங்கே வந்து நின்று பார்க்கட்டும். மேலே ஒரு மின்விசிறி, சுற்றுகிறதா, சும்மா பாவனை காட்டுகிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில். பினாயில் நெடி. பக்கத்தில் வேளாங்கண்ணி கட்டைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம், நீங்க கெளம்புங்க மேடம், நான் பாத்துக்கறேன் என்று ஆரம்பித்துவிடுவாள். இசக்கி வேலை பார்க்கும் சுகாதார ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் வேளாங்கண்ணி. காலையில் மேசையைத் துடைக்கக் குனிந்தவள் நிமிர்ந்தபோது ஜன்னல் வெளிச்சம் முகத்தில் பட்டது. கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இல்லை. எத்தனை நாளா இப்படி என்றால் பத்து நாளாம், கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறாளாம். பத்து நாளாக அந்தக் கண்ணோடு அவள் இசக்கியின் மேசையைத் துடைத்திருக்கிறாள். இசக்கியும் பத்து நாளாக அதே மேசையில் உட்கார்ந்து, ஊரில் காமாலை எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் துழாவியிருக்கிறாள். என்னத்தச் சொல்ல. ஆட்டோவில் பிடித்து ஏற்றி இழுத்து வந்தாயிற்று. பன்னிரண்டு மணிக்கு ரிவ்யூ. இவள் வரைந்த நோய்ப் படத்தை மேலதிகாரி ஞானசிகாமணி சார் பெரிய திரையில் போட்டு மேலிடத்துக்குக் காட்டுவார். எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவது, எந்தக் குழாயைத் தோண்டுவது எல்லாம் அதைப் பார்த்துத்தான். வரைந்தவள் இங்கே தூணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

படம் என்ன படம், சவம், மூன்று வாரமாக அது அவள் உயிரை வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் காமாலை என்று ஒருவர் பதிவானால், அவர் முகவரி இருக்கும் இடத்தில் படத்தில் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் நெருங்கினால் அந்த இடம் சிவக்கும். சிவந்த இடத்தில் தண்ணீரைப் பார், குழாயைப் பார், சாக்கடை எங்கே கலக்கிறது என்று பார். அவ்வளவுதான் வித்தை, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் இந்தப் படம் சிவந்தது எங்கே? ஆற்றோரப் பூங்காவுக்குப் பக்கத்தில், வைகறை ரெசிடென்சி என்கிற பளபளப்பான அடுக்குமாடியில். தொண்ணூற்றாறு வீடு. அங்கே தொட்டியை மூன்று முறை கழுவியாயிற்று, குளோரின் போட்டாயிற்று, குழாயைத் தோண்டி மூடியாயிற்று. மூடிய இடத்தில் அசோசியேஷன் செயலாளரின் கார் சக்கரம் இறங்கிவிட்டது. அந்த மனுஷன் தினமும் காலையில் இவளுக்கு ஒரு பூங்கொத்துப் படத்தோடு வணக்கம் அனுப்புவார். அடுத்த நிமிடம் தண்ணீர் பரிசோதனை ரிப்போர்ட். அதற்கடுத்து, எங்கள் வளாகத்தில் ஒருவருக்கும் காமாலை இல்லை, யார் கிளப்பிய புரளி என்று ஒரு முழ நீளத்துக்குக் கண்டனம். ஞானசிகாமணி சாரிடம் காட்டினால், பெரிய இடம்மா, கௌரவம் பாத்து மறைப்பாங்க என்றார். தொண்ணூற்றாறு வீட்டில் நூற்று நாற்பத்து மூன்று பேர் மறைக்கிறார்களாம். அதை அவர் சொன்னார், இவளும் தலையை ஆட்டினாள். ஏன் ஆட்டினாள்? கண்ணுக்கு முன்னால் நூற்று நாற்பத்து மூன்று என்று கொட்டை எழுத்தில் நின்றதே, அப்போது புத்தி எங்கே மேயப் போயிருந்தது? வரிசை ஓரடி நகர்ந்தது. அவளும் ஓரடி நகர்ந்தாள், தூண் பின்னால் போனது, அதில் ஒரு அற்பத் திருப்தி.

முன்னால் நின்ற பெண்கள் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் இன்றைக்கும் வழியில் நின்றுவிட்டதாம், ரெண்டு மணி நேரமாம். ஒருத்தியின் குழந்தை தோளில் தூங்கியது. அதன் காது மடல்கூட மஞ்சளாக இருந்தது. இத்தனை பேரும் ஒரே பஸ்ஸில் வந்தார்களா? ரெண்டு மணி நேரமா? வைகறை ரெசிடென்சியிலிருந்து இங்கே நடந்தே இருபது நிமிடத்தில் வந்துவிடலாமே. அங்கே இருக்கிறவர்கள் இந்த வரிசையில் எதற்கு வந்து நிற்கப் போகிறார்கள் என்று யோசனை எங்கேயோ போய் முட்டியது. அதற்குள் வேளாங்கண்ணி கட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து இன்னொரு கவரை எடுத்து, அடையாள அட்டையை எடுத்தாள். இசக்கி சும்மா வாங்கிப் பார்த்தாள். நம்பர் நாற்பத்திரண்டு, மூன்றாவது சந்து, சாயக்காரத் தோட்டம். சாயக்காரத் தோட்டம். வைகறை ரெசிடென்சி இருக்கிற ரோட்டின் பெயர் அது. நீ அங்கேயா இருக்கே என்று கேட்டாள். வேளாங்கண்ணி சிரித்தாள். அங்க எங்க மேடம் இருக்குறது, அதான் இடிச்சு பூங்கா கட்டிட்டாங்களே, எங்க வூடு இருந்த எடத்துல இப்ப ஊஞ்சல் இருக்குது, எங்களையெல்லாம் லாரில ஏத்திக்கினு போய் ஆனைக்கேணில வுட்டு ஆறு வருசம் ஆச்சு என்றாள். ஆனைக்கேணி ஊர் எல்லையைத் தாண்டி இருபத்தைந்து கிலோமீட்டர், வரிசை வரிசையாக மாடிக் குடியிருப்புகள். பின்னே அட்டையில் ஏன் மாற்றவில்லை? மூணு தபா போனாளாம். புது வீட்டு ஒதுக்கீட்டுக் கடிதம் செத்துப்போன புருஷன் பேரில் இருக்கிறதாம், அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர இன்னா மேடம், தோண்டியா எடுக்க முடியும் என்றாள் வேளாங்கண்ணி, கோபமே இல்லாமல். முன்னால் நின்றவள் திரும்பி, எங்களுதும் அதே கத தாங்க என்று தன் அட்டையைக் காட்டினாள். சாயக்காரத் தோட்டம், ஐந்தாவது சந்து. அவளுக்கு முன்னால் நின்றவளும் காட்டினாள்.

இசக்கிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏனென்றால் புள்ளிகள் முதலில் ஒழுங்காகத்தான் விழுந்தன. இடித்த சந்துகள் இருந்த பூங்காவில் விழுந்தன. ஊஞ்சலில், நடைபாதையில், செம்பருத்திப் புதரில், நாலைந்து ஆற்றுக்குள்ளேயே விழுந்தன. ஆற்றில் யார் குடியிருப்பார்கள் என்று இவள்தான் எரிச்சல்பட்டாள். ஒரு முகவரியை இடமாக மாற்றும்போது ஐம்பது நூறு மீட்டர் அப்படி இப்படி நகர்வது எப்போதும் நடக்கிற கூத்துதான்; அதனால் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வரி கட்டளை எழுதினாள். வீடில்லாத இடத்தில் புள்ளி விழுந்தால் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு அதை நகர்த்து. ஒரே வரி. எழுதி முடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பூங்கா சுத்தமாக இருந்தது, ஆறு சுத்தமாக இருந்தது, அத்தனை ஏழைகளும் வைகறை ரெசிடென்சிக்குள் குடியேறியிருந்தார்கள். பார்க்க எவ்வளவு அழகாக இருக்கு பாரும்மா என்று ஞானசிகாமணி சார் மெச்சினார். முதல் வாரமே சுகாதார ஆய்வாளர் தணிகாசலம் போன் போட்டார். பாவம், வெயிலில் நின்று பேசினார், பின்னால் வண்டிச் சத்தம். மேடம், லிஸ்ட்ல இருக்குற சந்து எதுவும் இங்க இல்ல மேடம், வாட்ச்மேன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான், யாரைன்னு போய்ப் பாக்கறது என்றார். அதற்கு இவள் சொன்ன பதில் இப்போது வார்த்தைக்கு வார்த்தை காதில் விழுந்தது, தன் குரலே யாரோ ஒரு கூறுகெட்டவளின் குரல் மாதிரி. படம் தப்பா இருக்காது சார், நீங்க சரியாத் தேடுங்க. சரிங்க மேடம் என்றார் அவர். அதற்குப் பிறகு அவர் போனே செய்யவில்லை. யார்தான் செய்வார்கள்?

தெரியாமல் செய்ததென்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கே டெங்கு வந்தது, இந்த ஊரில், வாடகை வீட்டில், மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. நான்காம் நாள் வள்ளியூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பா போன் போட்டார். ஏளா, உனக்குக் காய்ச்சலாமே, இங்கன நாலு பேரு வந்து மாட்டுத் தொட்டித் தண்ணியெல்லாம் கவுத்திட்டுப் புகை அடிச்சிட்டுப் போறானுவ, கோழி ரெண்டு மூச்சு முட்டிச் சுருண்டு கெடக்கு, நீ எப்பம்ளா இங்க வந்த? ஆஸ்பத்திரியில் காட்டிய அட்டையில் அப்பா வீட்டு முகவரி. கொசு இங்கே கடித்தது, புகை அறுநூறு கிலோமீட்டர் தள்ளிக் கோழிக்குப் போட்டார்கள். இசக்கி குணமாகி வந்ததும் அந்தக் கதையை கேன்டீனில் நடித்துக் காட்டினாள், கோழி சுருண்டது உள்பட. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேளாங்கண்ணிகூட துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சிரித்தாள். அவளாவது, எனக்கும் அப்பிடித்தான் மேடம் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவள் மேல் பழி போடப் பார்க்கிறாயா, கோட்டிக்காரி. சிரித்ததோடு விட்டாளே இவள், ஒரு நிமிடம், ஒரே நிமிடம், அந்தக் கோழி எதற்குச் சுருண்டது என்று யோசித்திருந்தால். தோளில் தூங்கிய குழந்தை விழித்து இவளையே பார்த்தது. மஞ்சள் கண். இவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள், திரும்பிய பக்கமெல்லாம் மஞ்சள் கண்.

அங்கே தண்ணி எப்படி என்று கேட்டாள். வேளாங்கண்ணி உதட்டைப் பிதுக்கினாள். ஒரு மாசமா ஒரு மாதிரி நாறுதாம், காலையில் முதல் குடம் கலங்கலாக வருமாம், அதைக் கீழே ஊற்றிவிட்டு அடுத்ததைப் பிடிப்பார்களாம். கொதிக்க வைப்பதில்லையா? எல்லாருமா வைக்கறாங்க மேடம், ஜெனிட்டா பச்சத் தண்ணிதான் குடிப்பா, ஏழு மாசம் இல்ல, தொண்ட வறண்டு போவுதுன்றா. ஜெனிட்டா. மகள். போன மாதம்தான் அவளுக்கு வளைகாப்பு என்று வேளாங்கண்ணி ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தாள், இசக்கி இரண்டு சாப்பிட்டாள். ஏழு மாசம். தண்ணீரில் வருகிற இந்தக் காமாலை மற்றவர்களை மூன்று வாரம் படுக்கப் போட்டுவிட்டு எழுப்பிவிடும், கர்ப்பிணியை அப்படி விடாது. தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இதை இசக்கி போன வாரம்தான் ரிப்போர்ட்டின் நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் அடித்தாள், வைகறை ரெசிடென்சியில் கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கச் சொல்லி. இப்பவே ஜெனிட்டாவுக்குப் போன் போடு என்றாள், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வேளாங்கண்ணி போட்டாள், பேசினாள், தண்ணியக் காச்சிக் குடிக்கச் சொன்னாள், அப்புறம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே இவள் பக்கம் திரும்பினாள்.

"வாயி கசக்குதாம் மேடம். ரெண்டு நாளா சோறு எறங்கலயாம். மாசமா இருந்தா அப்பிடித்தான் இருக்கும்னு பக்கத்து வூட்ல சொன்னாங்களாம்."

அப்படியும் இருக்கலாம். இருக்கலாம், ஏழாம் மாதத்தில் வாய் கசக்காதா என்ன, நெஞ்செரிச்சலாக இருக்கும், வேறென்னவாகவோ இருக்கும். இல்லாமலும் இருக்கலாம். இரண்டு நாளாக. மூன்று வாரமாக இவள் ஆபீஸ் ஆட்கள் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள். வரிசை இப்போது பார்த்துத்தானா வேகமாக நகர வேண்டும்? முன்னால் மூன்று பேர், இரண்டு பேர். அட்டையில் இருப்பதைத்தான் எழுதுவோம் என்று உள்ளே இருந்த கிளார்க் ஒவ்வொருவரிடமும் தேய்ந்த குரலில் சொல்வது கேட்டது. ஒருத்தி ஆனைக்கேணி என்று வாய் திறந்தாள், அதெல்லாம் வேணாம்மா, அட்டையைக் குடு என்றார். யார் போட்ட கூறுகெட்ட சட்டம் இது? எந்த மூதி உட்கார்ந்து யோசித்தது? வாயால் சொல்கிறாளே, இருக்கிற இடத்தை அவளே சொல்கிறாளே, எழுதினால் கை தேய்ந்தா போகும்? கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, நாலு மூலையிலும் டேப், ஒரு மூலை பிய்ந்து காற்றில் ஆடியது. தூரத்திலிருந்தே அந்தத் தாளின் வடிவம் அவளுக்குத் தெரிந்தது. மூன்று வரி, கீழே பெட்டி மாதிரி ஒரு கட்டம்.  பக்கத்தில் போய்ப் படிக்கத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் படித்தாள். நோயாளியின் முகவரி அடையாள அட்டையில் உள்ளபடி மட்டுமே பதியப்பட வேண்டும். வாய்மொழி முகவரிகளை ஏற்கக் கூடாது. ஞானசிகாமணி சாரின் கையெழுத்து, இசக்கியின் வாசகம். ஆறு மாதத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, கடுப்பில் எழுதியது. அப்போதெல்லாம் முகவரி என்று வந்ததைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம்: பிள்ளையார் கோயில் பின்னாடி பச்சைக் கதவு. பெரிய டேங்குக்கு எதிர்த்தாப்பல. கசாப்புக் கடையிலேருந்து மூணாவது பிளாக்கு. கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் விளங்காது என்று தூக்கிப் போட்டாள். பச்சைக் கதவைத் தேடிப் போயிருந்தால் உள்ளே ஆள் இருந்திருப்பார். அது புரியாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, புரிகிற ஜனங்களின் வாயை இவள் அடைத்தாள்.

கிளார்க்கிடம் சண்டை போட்டுப் பார்த்தாள். இவங்க இருக்கிறது ஆனைக்கேணி, அதை எழுதுங்க. அவர் பேனாவால் தாளைத் தட்டிக் காட்டினார். அந்த உத்தரவு போட்டதே எங்க ஆபீஸ்தான் சார் என்றாள். அப்ப போய் உங்க ஆபீஸ்ல மாத்திட்டு வாங்கம்மா என்றார் அவர், நியாயமாகத்தான் சொன்னார், பின்னால் அறுபது பேர் நிற்கிறார்கள். அட்டையில் இருந்ததையே தட்டினார், பிரின்ட் அடித்தார், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இசக்கியின் கையில் போன் மறுபடி சிணுங்கியது, இந்தத் தடவை எடுத்துப் பார்த்தாள். புதிய நோயாளி வந்தால் சொல்லும்படி அவளே செய்து வைத்த ஏற்பாடு. பெண், நாற்பத்தெட்டு வயது, காமாலை. இடம்: வைகறை ரெசிடென்சி, பி பிளாக். படத்தில் ஒரு புது சிவப்பு. அந்தச் சிவப்பு இவள் பக்கத்தில் செருப்பு அறுந்த காலோடு நின்று, ரத்தம் எங்க எடுக்கணும் மேடம் என்று கேட்டது. இசக்கிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, யார் மேலென்று தேடிப்பார்த்தால் ஒருவரும் மிச்சமில்லை.

ஞானசிகாமணி சாருக்கு அவளே கூப்பிட்டாள். இடித்த குடிசை, பழைய அட்டை, நகர்த்திய புள்ளி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். தப்பு என்னுது சார் என்றாள். அவர் கெட்ட மனுஷன் இல்லை. மெதுவாக, இன்னைக்கு இதையே காட்டிருவோம்மா, எல்லாரும் வந்துட்டாங்க, அடுத்த மாச ரிவ்யூல திருத்திக்கலாம், யாருக்கும் சங்கடம் இல்லாம என்றார்.

"அடுத்த மாசம் அந்தப் பொண்ணுக்கு எட்டாம் மாசம் சார்."

எந்தப் பொண்ணு என்று கேட்டார்.  புள்ளியை நகர்த்தும் அந்த ஒரு வரியை போனிலேயே நிறுத்தினாள். திரையில் வைகறை ரெசிடென்சி வெளுத்தது. அத்தனை பேரும் அங்கிருந்து எழுந்து பூங்காவுக்கும் ஆற்றுக்கும் திரும்பிப் போனார்கள். "இப்ப திறந்து பாருங்க சார், எல்லாப் புள்ளியும் ஊஞ்சல்லயும் தண்ணிக்குள்ளயும் நிக்கும். யாராவது ஏன்னு கேப்பாங்க. கேட்டா நான்தான்னு சொல்லுங்க, பன்னெண்டுக்கு நானே வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.  வேலை போகுமா, ஒப்பந்த வேலைதானே, ஒரு மெயிலில் போய்விடும், போகட்டும், இல்லை, போகக் கூடாது, வாடகை இருக்கிறது, அப்பா இருக்கிறார். அதைப் பிறகு நினைக்கலாம். தணிகாசலத்தின் நம்பரைத் தேடினாள். எடுப்பாரா? எடுத்தார். நீங்க சொன்னதுதான் சார் சரி, நான்தான் உங்க பேச்சைக் கேக்கல, மன்னிச்சுக்குங்க என்றாள். அந்தப் பக்கம் அதே வண்டிச் சத்தம். பரவால்ல மேடம், சொல்லுங்க என்றார். ஆனைக்கேணியில் ஒரு கர்ப்பிணி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும், உங்களிடம் ஜீப் இருக்கிறதா? இருக்குது மேடம், இப்பவே கெளம்பறேன், அட்ரஸ் சொல்லுங்க என்றார்.

இசக்கி போனை வேளாங்கண்ணியிடம் நீட்டினாள். வேளாங்கண்ணி அதை இரண்டு கையாலும் வாங்கி, ஆபீசர் யாரிடமோ பேசுவது மாதிரி நிமிர்ந்து நின்று, பழக்கத்தில் ஆரம்பித்தாள்: நம்பர் நாப்பத்தி ரெண்டு, மூணாவது சந்து, சாயக்காரத் தோட்ட... நிறுத்தினாள். இசக்கியைப் பார்த்தாள். இருக்கிற இடத்தைச் சொல் என்று இசக்கி தலையை ஆட்டினாள்.

"ஆனைக்கேணி, பதினேழாவது பிளாக்கு சார், நாலாவது மாடி. லிப்ட் ஓடாது. ரெண்டு பேரா வாங்க, அவள எறக்கணும்."